புல்லாங்குழல் பூச்சி

போன வாரம் நான் ஒரு பூச்சியைக் கண்டுபிடித்தேன்.

அதற்குக் காலில்லை. இறக்கையில்லை. வாயில்லை. இருந்தும், தலைச்சோலையில் காய்த்து நின்ற மூன்று காப்பிச் செடிகளை வேரோடு தின்றுவிட்டது. இன்னும் முப்பத்தொன்பதைத் தின்ன வரிசையில் நிறுத்தி வைத்திருந்தது.

சிரிக்காதீர்கள். அந்தப் பூச்சியை வளர்த்தவன் நான்தான்.

ஐம்பதை நெருங்குகிற ஆண்களை ஏதாவது ஒன்று வந்து பிடித்துக்கொள்கிறது, கவனித்திருக்கிறீர்களா? சிலரை யோகா பிடிக்கிறது. சிலரைச் சிறுதானியம் பிடிக்கிறது. சிலரைச் சைக்கிள் பிடிக்கிறது — இறுக்கமான டவுசரோடு இருபது கொண்டை ஊசி வளைவையும் மிதித்து ஏறி, ஏற்காடு ஏரிக்கரையில் நாக்குத் தள்ள உட்கார்ந்து செல்ஃபி எடுப்பார்கள். கிட்டத்தில் இருப்பது கண்ணுக்கு மங்குகிற வயது வந்துவிட்டதாலோ என்னவோ, என்னை மேக்ரோ பிடித்தது.

மேக்ரோ என்றால் எறும்பின் மீசையை எருமைக் கொம்பாகக் காட்டுகிற லென்ஸ். ஆனால் அதில் ஒரு சிக்கல். அவ்வளவு கிட்டத்தில் போனால், ஒரு முடி கனத்துக்குத்தான் படம் தெளிவாக விழும். எறும்பின் கண் தெளிந்தால் மீசை மங்கும். மீசை தெளிந்தால் எறும்பே மங்கும். அதற்கு ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். பொருளும் அசையக்கூடாது, கேமராவும் அசையக்கூடாது. ஃபோகஸை மட்டும் நூல் நூலாக நகர்த்திக்கொண்டே பதினைந்து படம். பிறகு ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கிற துண்டை மட்டும் பொறுக்கி, அடுக்கி, ஒரே படமாகக் கோத்துவிடுவது. ஃபோகஸ் ஸ்டாக்கிங். என் கேமரா அந்தக் கோக்கிற வேலையைத் தன் வயிற்றுக்குள்ளேயே முடித்துக் கொடுத்துவிடும்.

பதினைந்து அரைகுறைகளைச் சேர்த்தால் ஒரு முழுமை வரும் என்று நம்புகிற கருவி. எங்கள் ஊர் கமிட்டிகளும் இப்படித்தான் நம்புகின்றன. அதற்கு வருகிறேன்.

திங்கட்கிழமை காலையில் பொன்னக்கா தோட்டத்தில் இறங்கினேன். தலைச்சோலையில் ஒன்றரை ஏக்கர் காப்பி அவருக்கு. நடுநடுவே மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக். என் வயதுதான் இருக்கும். ஊருக்கே அக்கா என்பதால் எனக்கும் அக்கா. ஐப்பசி மழை முந்தின நாள் பெய்து ஓய்ந்திருந்தது. காய்கள் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு, மஞ்சளிலிருந்து சிவப்புக்கு... அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. மஞ்சுமூட்டம் செடிக்குள் புகுந்து புகுந்து யாரையோ தேடிவிட்டுப் போனது. ஒரு காயைப் பிடித்தேன். முக்காலி ஸ்டாண்டை ஊன்றினேன். முட்டி போட்டேன்.

"ஏனுங்க சார், ஒரு காய எத்தன நேரமுங்க பாப்பீங்க? நானு இந்நேரத்துக்கு ரெண்டு கூடை களை புடுங்கிப்போட்டனுங்க."

"பதினஞ்சு படம் எடுக்கணுங்கக்கா."

"ஒரே காயவா?"

"ஒரே காயத்தான்."

"எங்கண்ணாலத்துக்கே எனக்கு ஒரு படந்தானுங்க எடுத்தாங்க. அதுலயும் எங்கூட்டுக்காரரு கண்ண மூடிக்கிட்டாரு."

வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்தேன். திரை முழுக்க ஒரே காய். ஈரத்தில் மினுங்குகிறது. அதன் வயிற்றில்... ஏழு கரும்புள்ளிகள். ஊசியால் குத்தியது போல. ஒரே நேர்கோட்டில். அளவெடுத்த இடைவெளியில்.

இந்த இடத்தில் அறிவுள்ள மனிதன் என்ன செய்திருப்பான்? திரும்பப் போய் அந்தக் காயை வெறும் கண்ணால் பார்த்திருப்பான். காய் ஓடிப்போகாது. தலைச்சோலைக்கு பஸ் இருக்கிறது.

நான் என்ன செய்தேன்? வர்ணித்தேன்.

எங்கள் மலையில் சின்னத் தோட்டக்காரர்களும் எஸ்டேட்காரர்களும் சேர்ந்திருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. 'காப்பி உறவுகள்'. மழை அளவு, உர விலை, காலை வணக்கம், ரோஜாப்பூ — இவ்வளவுதான் அதன் வரலாறு. அதில் படத்தைப் போட்டு இப்படி எழுதினேன்: "பொன்னக்கா தோட்டத்தில் ஒரு காயைப் புல்லாங்குழலாக்கிவிட்டுப் போயிருக்கிறது ஏதோவொரு பூச்சி. இனி காற்று வந்தால் போதும், மலையே பாடும்."

மலை பாடவில்லை. பதறியது.

கால் மணி நேரத்தில் ஒருவர், "இது பிரேசில் பூச்சி" என்றார். ஏன் பிரேசில்? அங்கேயும் காப்பி விளைகிறதே, அதனால். இன்னொருவர், அது டூரிஸ்ட் கார்களின் டயரில் ஒட்டிக்கொண்டு மலையேறியது என்றார். "எங்க ஆரஞ்சுலயும் இருக்குதுங்க" என்று ஒருவர் போட்ட படத்தில் ஆரஞ்சே சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் பலர் அதில் பூச்சியைப் பார்த்தார்கள். மாலைக்குள் என் வாக்கியத்தில் இருந்த காற்று, மலை, பாட்டு எல்லாம் உதிர்ந்து, பெயர் மட்டும் நின்றது: புல்லாங்குழல் பூச்சி.

மறைப்பானேன்? எனக்கு உள்ளூர ஒரே குளுகுளுப்பு. இருபத்தைந்து வருஷமாக எழுதுகிறேன். நான் வைத்த ஒரு சொல் ஒரே நாளில் நாகலூர் பஸ் வரைக்கும் போனது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை தங்கராசு ரைட்டரின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. ரைட்டர் என்றால் என்னை மாதிரி எழுதுகிறவர் இல்லை — பொன்னக்கா தோட்டத்தை ஒட்டிய பெரிய எஸ்டேட்டில் ஆள் வருகையும் எடையும் எழுதுகிறவர். அவர் எழுதியதற்கு மதிப்பு உண்டு. குழுவில் அவர் பேசிவிட்டால் தீர்ப்பு.

"காய்த்துளைப்பான்னா ஒரு காய்க்கு ஒரு ஓட்டைங்க. அந்தக் காய மட்டும் பறிச்சு எடுத்தாப் போதும். அது நமக்குத் தெரிஞ்ச பூச்சி. இது ஏழு ஓட்டைங்க. தெரியாத பூச்சி. தெரியாததுக்குச் செடியோடதான் போவோணும்."

கேட்டீர்களா? தெரிந்த பூச்சி என்றால் காய் போகும். தெரியாத பூச்சி என்றால் செடியே போகும். எத்தனை ஆபீஸ், எத்தனை குடும்பம் இந்த ஒரே விதியில் ஓடிக்கொண்டிருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

புதன்கிழமை ஒரு கூட்டமே பொன்னக்கா தோட்டத்துக்குப் போய்க் காய் காயாகத் தேடியிருக்கிறது. ஏழு ஓட்டைக் காய் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றால் நிம்மதிதானே பட வேண்டும்? இல்லை. "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்குதுங்க, அதான் கண்ணுக்குத் தெரியல" என்றார் ரைட்டர். தெரிந்தால் ஆபத்து. தெரியாவிட்டால் பேராபத்து. அந்தச் செடியும், அதைச் சுற்றி மூன்று வரிசையும் என்று முடிவானது. நாற்பத்திரண்டு செடி. எங்கள் பக்கம் பிடுங்க வேண்டிய செடிக்கு ஒரு சிவப்புத் துணித் துண்டைக் கட்டி அடையாளம் வைப்பார்கள். கட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் பிடுங்கல்.

பொன்னக்கா ஒப்புக்கொள்ளாவிட்டால்? "அப்புறம் உங்க பழத்த பல்ப்பர் ஊட்டுக்குள்ள உட முடியாதுங்க" என்றிருக்கிறார் ரைட்டர். பழத்தின் தோலை உரிக்கிற எந்திரம் எஸ்டேட்டில்தான் இருக்கிறது. சின்னத் தோட்டக்காரர்கள் எல்லோரும் பழத்தைப் பறித்த அன்றே அங்கேதான் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் சாக்கிலேயே புளித்துவிடும். ஒரு வருஷத்து வெள்ளாமை ஒரு வாசலுக்கு வெளியே நிற்பதா, நாற்பத்திரண்டு செடியைக் கொடுத்து மிச்சத்தை உள்ளே அனுப்புவதா?

அன்று சாயங்காலம் பொன்னக்கா எனக்கு ஃபோன் செய்தார்.

"சார், அந்தச் செடிங்கள வச்ச வருசம் மழையே இல்லீங்க. ஊத்துல இருந்து கொடங் கொடமாத் தூக்கி ஊத்துனனுங்க. ஒண்ணுகூடச் சாவல." அப்புறம் கேட்டார்: "உங்க கண்ணுக்கு நெசமாலுமே ஏழுதானுங்களா தெரிஞ்சுது?"

"ஏழுதாங்கக்கா."

"செரிங்க. இத்தன மொத்தமான கண்ணாடி வச்சு நீங்க பாத்தா செரியாத்தான் இருக்கும்."

அந்த 'செரிங்க' காதிலேயே நின்றது. அதைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி. ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் நவாஸ் பாய் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், செல்ஃபோனுக்குக் கண்ணாடி ஒட்டுவது — ஓர் ஆள் நிற்கிற இடத்தில் மூன்று தொழில். எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். அந்தக் காய்ப் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே என் பெயரையும் போட்டு, லேமினேட் செய்ய.

பாய் யாருடைய ஃபோனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு ஒட்டுத்தாளால் திரையைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு என் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தார். சாய்ந்து பார்த்தார்.

"சார், ஒண்ணு சொல்லட்டுங்களா? இது பூச்சி இல்லீங்க. தூசி."

சிரித்தேன். "பாய், நீங்க காப்பித் தோட்டத்துக்குள்ளயே போனதில்ல."

"போனதில்லீங்க. ஆனா தூசியோட நா தினம் மல்லுக்கட்டறவன். கண்ணாடி ஒட்டி முடிச்சப்புறம் உள்ள ஒண்ணு உக்காந்துக்கிட்டு இளிக்கும் பாருங்க... அந்த மூஞ்சி எனக்குத் தெரியும். ஓட்டைன்னா ஓரம் வெட்டுனாப்புல இருக்கும். இது ஓரம் கரைஞ்சு கெடக்குது. வேற படம் இருந்தாக் காட்டுங்க."

தோளில் தொங்கிய கேமராவை எடுத்துக் காட்டினேன். பாசிமேல் நத்தை: ஏழெட்டுப் புள்ளி, அதே மூலையில், அதே வரிசை. பெரணி நுனியில் சிலந்தி: அதே மூலை, அதே வரிசை. அடுக்காமல் எடுத்த ஒற்றைப் படம் ஒன்று இருந்தது, வெறும் வானம். அதில் அதே இடத்தில் ஒரே ஒரு புள்ளி.

"ஒத்தப் படத்துல ஒண்ணு. அடுக்குனா ஏழு. அது ஏனுங்க?" என்றார் பாய்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபோகஸ் நகர நகர, காயின் உருவம் படத்துக்குப் படம் மயிரிழை பெருக்கும், சிறுக்கும். கோக்கும்போது கேமரா என்ன செய்கிறது? காய் ஒரே அளவில் நிற்பதற்காக ஒவ்வொரு படத்தையும் கொஞ்சம் இழுத்தும் சுருக்கியும் பொருத்துகிறது. காய் அசையாமல் நிற்கிறது. ஆனால் தூசி காயில் இல்லையே! அது கேமராவுக்குள், படம் விழுகிற சென்சார்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு படத்தை இழுக்கும்போதும் அதுவும் கூடவே இழுபடுகிறது. ஒரே தூசி. ஏழு காலடி. துல்லியத்துக்காக நான் கூட்டிய ஒவ்வொரு படமும் பொய்யை ஓர் அடி முன்னே நடத்தியிருக்கிறது.

தூசி எப்போது உள்ளே போனது என்றும் தெரியும். லென்ஸைக் கழற்றினால் கேமரா வாயைத் திறந்துகொண்டிருக்கும். அதைக் குப்புறப் பிடித்து, சட்டென்று அடுத்த லென்ஸால் மூட வேண்டும். நான், காற்று சுழன்றடிக்கிற சில்வர் ஓக் தோப்பில், கேமராவை வானம் பார்க்க வைத்துக்கொண்டு, மஞ்சைப் பற்றி ஒரு வரி யோசித்துக்கொண்டு நின்றேன். நல்ல வரி. இப்போது ஞாபகமில்லை.

மணி ஒன்பதரை. பொன்னக்காவுக்கு ஃபோன் போட்டேன். மலைச்சரிவில் சிக்னல் இல்லை. ரைட்டருக்குப் போட்டேன். எடுக்கவில்லை. குழுவில் எழுதினேன்: "அது பூச்சி இல்லை. என் கேமராவில் தூசி. செடிகளைப் பிடுங்க வேண்டாம்."

பூச்சிக்குக் குவிந்த கட்டைவிரல்களை எண்ண முடியவில்லை. தூசிக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அதுவும் கை தவறிப் பட்டது போல, உடனே எடுத்துவிட்டார்கள்.

தலைச்சோலை பஸ் எதிரில்தான் நின்றது. ஏறினால் பத்து மணிக்கெல்லாம் அங்கே இறங்கிவிடலாம்.

நான் ஏறவில்லை.

ஏன்? டீ ஒன்று குடித்துவிட்டு, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு போகலாம் என்று எனக்கே ஒரு காரணம் சொன்னேன். நிஜம் அதுவா? பூச்சியைக் கண்டுபிடித்தவனாக இன்னும் ஒரு கிளாஸ் டீயின் நேரம் இருக்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். பஸ் புகையை விட்டுவிட்டுத் திரும்பியது.

"சார்... பஸ் போயிருச்சுங்க" என்றார் பாய். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஃபோன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஆட்டோக்கள் எல்லாம் டூரிஸ்டுகளோடு லேடீஸ் சீட் வியூ பாயிண்ட் பக்கம் போயிருந்தன. அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று செடிகள் தரையில் கிடந்தன. வேர் வானத்தைப் பார்த்துக்கொண்டு. காய்கள் இன்னும் கிளையில் இருந்தன, பழுக்கலாமா வேண்டாமா என்று யாரோ சொல்லக் காத்திருப்பது போல. நான்காவது செடியின் தூரில் கடப்பாரை இறங்கிக்கொண்டிருந்தது. பொன்னக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றார்.

"நிறுத்துங்க! பூச்சியே இல்ல! என் கேமராவுல தூசி!"

கடப்பாரைக்காரர் ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் என்னைப் பார்த்தார்.

"என்னங்க சார் இது? படம் போட்டதும் நீங்க. பேரு வச்சதும் நீங்க. இப்பத் தூசின்னு சொன்னா எப்புடிங்க? ஆள் கூட்டியாந்தாச்சு."

"ஆள் வந்துட்டாங்கன்னு செடியப் புடுங்கணுமா?"

"முடிவு எடுத்தாச்சுங்களே."

நான் தூசி இழுபடுகிற கதையை விளக்கினேன். ஃபோகஸ், அளவு, பொருத்தம்... ரைட்டர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அதெல்லாம் செரிங்க. படத்துல தெளிவா இருக்குதுங்களே" என்றார். தெளிவு! அதற்காகத்தானே பதினைந்து படம் அடுக்கினேன்.

பொன்னக்கா திரும்பினார்.

"இருங்க. தூசி கேமராவுலதான இருக்குது? அப்ப வேற எதய எடுத்தாலும் ஓட்டை விழுவோணுமல்லோ?"

"விழும்."

"ரைட்டர எடுங்க."

"என்னை எதுக்குங்க?"

"அட, செத்த வெரல நீட்டுங்க சாமி. புடுங்கவா போறோம்?"

ரைட்டர் கட்டைவிரலை ஒரு பாறைமேல் வைத்தார். வருஷக்கணக்கில் ஆள் கணக்கு எழுதிய விரல். கேமராவை எதிரில் ஒரு கல்மேல் ஊன்றி, அசையக்கூடாது என்றேன். மூச்சைக்கூட அடக்கினார். பதினைந்து படம். கேமரா கொஞ்ச நேரம் அரைத்துவிட்டு, கோத்த படத்தைத் திரையில் போட்டது. எல்லோரும் தலையை நீட்டினார்கள்.

ரைட்டரின் நகத்துக்குக் கீழே, நேர்கோட்டில், ஒன்பது ஓட்டை.

பொன்னக்கா கன்னத்தில் கை வைத்தார்.

"ஐயோ சாமி! காய்க்கே ஏழுதானுங்க. ரைட்டருக்கு ஒம்போது! இனி இவரையும், இவரச் சுத்தி மூணு வரிசையில நிக்கறவங்களையும் புடுங்கோணுமுங்களே!"

கடப்பாரைக்காரர் கடப்பாரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தார். பொன்னக்கா பக்கத்துச் செடியிலிருந்து சிவப்புத் துணியை அவிழ்த்து, ரைட்டரின் மணிக்கட்டில் ஒரு முடிச்சுப் போட்டார். ரைட்டர் கையை இழுத்துக்கொள்ளவில்லை என்பதை இங்கே மரியாதையோடு சொல்ல வேண்டும். அவர் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு வசதி. முடியவில்லை.

"அந்தக் காயிப் படத்த மறுக்காக் காட்டுங்க" என்றார் பொன்னக்கா. கேமராவை வாங்கி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இந்த ஏழும் தூசி. செரிங்க. அப்ப இது?"

காயின் நுனியில், தொப்புள் மாதிரிச் சுழித்திருக்கிற இடத்தில், இன்னொரு புள்ளி. நான் அதைக் காயின் சுழி என்று நினைத்து விட்டிருந்தேன். நான் மட்டுமா? குழுவில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்த அத்தனை பேரும் ஏழை எண்ணினார்கள்; எட்டாவதைப் பார்க்கவில்லை.

"அதுவும் தூசியாத்தாங்கக்கா இருக்கும்."

"தூசின்னா வரிசையா வரும்னு நீங்கதான சொன்னீங்க. இது வரிசையில நிக்கலீங்களே. ரைட்டரு வெரலுலயும் அந்த எடத்துல ஒண்ணுமில்ல பாருங்க."

பார்த்தேன். ஒன்றுமில்லை.

பொன்னக்கா கீழே கிடந்த மூன்று செடிகளில் நடுச்செடியிடம் போய்க் குந்தினார். நான் திங்கட்கிழமை முட்டி போட்டுக் கிடந்தது அதன் முன்னால்தான். எந்தக் கிளை என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. காயைப் பறித்தார். நகத்தால் பிளந்தார். உள்ளங்கையில் தட்டினார். எள்ளில் பாதி இருக்கும். கறுப்பாக ஒன்று உருண்டு, நிமிர்ந்து, நடந்தது.

"காய்த்துளைப்பான்" என்றார் ரைட்டர். குரலில் ஏமாற்றம். பிரேசிலிலிருந்து வருவார் என்று எதிர்பார்த்தவர் பக்கத்துத் தெருக்காரராகப் போய்விட்டார்.

பொன்னக்காவோ ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரனைப் பார்த்ததுபோல அதைப் பார்த்தார். "இவன நமக்குத் தெரியுமுங்களே! ஓட்டை போட்ட காயப் பறிச்சுக் கொதிக்கிற தண்ணியில போட்டா ஆச்சு." அதே செடியில் இன்னும் நாலைந்து காய் அப்படிக் கிடைத்தது. பக்கத்துச் செடியில் இரண்டு. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார். நல்லவேளை என்று சொல்லலாமா? செடி செங்குத்தாக நின்றிருந்தால் சொல்லியிருக்கலாம்.

"காய்த்துளைப்பான் எல்லாத்து தோட்டத்துலயும் இருக்கறதுதானுங்க. நீங்க பழத்தக் கொண்டாங்க, பல்ப்பர் ஊடு தொறந்துதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ரைட்டர் நடந்தார். மணிக்கட்டில் சிவப்புத் துணி ஆடிக்கொண்டே போனது.

முப்பத்தொன்பது பிழைத்தது. மூன்று தரையில் கிடந்தது.

"திரும்ப நட்டாப் பொழைக்குமாக்கா?"

"காய்ச்ச செடிங்க. சல்லி வேரெல்லாம் அந்துபோச்சு. பொழைக்காதும்பாங்க." அரிவாளை எடுத்தார். "வச்சுப் பாப்பம்."

காய்களை உருவினார். கிளைகளைக் கழித்தார். அதே குழியில் அதே செடியை இறக்கினார். நான் தண்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் மண்ணைத் தள்ளி மிதித்தார்.

"நேராப் புடிங்க சார். கேமராவ மட்டும் அசையாமப் புடிக்கறீங்க?"

இரண்டாவது செடியில் எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, முதல் பஸ்ஸுக்கே வந்திருக்கலாம். வேணும்னே விட்டுட்டேன்."

மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. "ஏனுங்க?"

"எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டு இருந்தேன்."

"தூசிங்கறது ரெண்டெழுத்துதானுங்களே, சார். அதுக்கு ஒரு மணி நேரமுங்களா?"

மூன்றாவது செடியை நட்டோம்.

கேமராவைச் சேலத்துக்குச் சுத்தம் செய்ய அனுப்பியிருக்கிறேன். குழுவில் காய்த்துளைப்பான் படத்தை, உவமை எதுவும் சேர்க்காமல் போட்டேன்: ஒரு காய்க்கு ஒரு ஓட்டை, பறித்துக் கொதிநீரில் போடவும். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் நேற்று நாகலூரில் டீக்கடையில் ஒருவர் எனக்கே எச்சரிக்கை சொன்னார் — புல்லாங்குழல் பூச்சி என்று ஒன்று வந்திருக்கிறதாம், முதலில் ஏழு ஓட்டை போட்டதாம், இப்போது ஒன்பது போடப் பழகிவிட்டதாம். மனிதர்களையும் விடுவதில்லையாம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். பெயர் வைத்தவனே சொன்னாலும் அது இனிச் சாகாது.

அங்கிருந்து தலைச்சோலைக்குப் போனேன். இரண்டு செடி இலையை எல்லாம் கொட்டிவிட்டு நின்றது. மூன்றாவது இன்னும் கொட்டவில்லை. யோசிக்கிறது போலிருக்கிறது. குனிந்து, கணுக்கணுவாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க தேடறீங்க?" என்றார் பொன்னக்கா, களைக்கூடையோடு.

"துளிர் ஏதாச்சும் வருதான்னு..."

"வந்தா நானே ஃபோன் போட்டுச் சொல்றனுங்க. நீங்க ஒண்ணும் கண்டுபுடிக்க வேண்டாம்."

இதை எழுதி முடிக்கிற வரைக்கும் ஃபோன் வரவில்லை.